கோட்டைக்குள் ஒரு துறவி: கோவா சமய விசாரணையும் சென்னையின் முதல் கப்புச்சின் பாதிரியும்

ஐரோப்பியர் நம் கரைகளில் வந்திறங்கிய காலத்தின் சமய வரலாற்றை நாம் பெரும்பாலும் இரு தரப்பாகவே படித்துப் பழகியிருக்கிறோம். ஒரு தரப்பில் சிலுவையும் பீரங்கியும் தாங்கி வந்த பரங்கியர். மறு தரப்பில் அவர்களை எதிர்த்து நின்ற மரக்காயர்களும் குஞ்ஞாலிகளும். ஷைகு ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்கள் அரபு மொழியில் இயற்றிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' 1583 வரையிலான நிகழ்ச்சிகளைப் பதிவு செய்திருக்கிறது. நமது மத்ரஸாக்களில் அந்நூலைக் கற்ற எவரும் போர்ச்சுக்கீசியரின் சமயவெறியை மறந்துவிட மாட்டார்.

அச்சித்திரம் பொய்யானதன்று, ஆயினும் முழுமையானதுமன்று. முஸ்லிம்களையும் இந்துக்களையும் யூதர்களையும் துன்புறுத்திய அதே அமைப்பு, தன் சொந்த மார்க்கத்தின் துறவிகளையும் விலங்கிட்டு நிலவறையில் அடைத்தது. அவ்வாறு அடைக்கப்பட்ட ஒருவர் நமது சென்னைப் பட்டணத்தில் வாழ்ந்தவர். அவரது விடுதலைக்காகக் குரல் கொடுத்தவர்களுள் ஒரு முஸ்லிம் சுல்தானும் இருந்தார். எஃப்ரேம் தெ நெவேர் என்னும் அந்தப் பிரெஞ்சுத் துறவியின் வரலாற்றை நாம் இங்கு ஆராய்வது, 'சரியான மார்க்கம் எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருக்கு?' என்னும் வினா ஒரு குடியேற்ற நகரத்தில் எவ்வாறு செயல்பட்டது என்பதை விளங்கிக்கொள்வதற்காகவே.

துறவிச் சபைகள் யாவை?

நம் மக்கள் கிறித்தவ மதபோதகர் அனைவரையும் 'பாதிரி' என்ற ஒரே சொல்லால் அழைக்கின்றனர். கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளோ பல வேறுபாடுகள் உண்டு. ஊர்தோறும் ஆயரின் கீழ் பணியாற்றும் குருமார் ஒரு வகை. சொத்தின்றி, இரந்துண்டு, ஊர் ஊராகச் சென்று போதிக்கும் துறவிகள் இன்னொரு வகை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோன்றிய பிரான்சிஸ்கர், தொமினிக்கர் முதலான சபையார் இவ்வகையினர். நமது ஃபகீர்களின் வாழ்க்கை முறையோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க இடமுண்டு. எனினும் இச்சபைகளுக்கு எழுதப்பட்ட விதிகளும் ரோமாபுரி வரை நீளும் தலைமைக் கட்டுக்கோப்பும் இருந்தன.

பிரான்சிஸ்கச் சபையை நிறுவிய அசிசி பிரான்சிஸ், சிலுவைப்போர் நடந்துகொண்டிருந்த 1219ஆம் ஆண்டில் எகிப்தின் திம்யாத் அருகே சுல்தான் அல்மலிக் அல்காமிலைச் சந்தித்தார். சுல்தான் அவரை மரியாதையுடன் நடத்திப் பத்திரமாகத் திருப்பி அனுப்பினார் என்பது வரலாறு. அந்தப் பிரான்சிஸ்கச் சபையிலிருந்து, தொடக்ககால எளிமைக்குத் திரும்ப வேண்டும் என்ற வேட்கையோடு பதினாறாம் நூற்றாண்டில் பிரிந்து வந்த சீர்திருத்தக் கிளையே கப்புச்சின் சபை. நீண்ட தாடியும் கூம்பிய தலைமறைப்புடைய அங்கியும் அவர்களின் அடையாளம். 1540இல் ஏற்பிசைவு பெற்ற இயேசு சபையினர் இவர்களினின்றும் வேறானவர்கள். இந்த வேறுபாடு பின்னர் நமக்குத் தேவைப்படும்.

ஒரே மார்க்கம், இரண்டு அதிகாரங்கள்

பதினைந்தாம் நூற்றாண்டு முதலே போப்பாண்டவர்கள் போர்ச்சுக்கல் மன்னருக்குக் கீழைநாடுகளின் திருச்சபை மீது ஒரு புரவலர் உரிமையை வழங்கியிருந்தனர். 'பதுருவாதோ' என்பது அதன் பெயர். ஆயர்களை முன்மொழிவதும், கோயில்களைக் கட்டிக்கொடுப்பதும், குருமாருக்குப் படியளப்பதும் மன்னரின் பொறுப்பு. அதற்கு ஈடாக, கீழ்த்திசையில் எந்தப் பாதிரியும் அவரது இசைவின்றிப் பணியாற்றலாகாது. 1606இல் மயிலாப்பூர் சாந்தோமில் நிறுவப்பட்ட மறைமாவட்டமும் இவ்வுரிமைக்கு உட்பட்டதே.

போர்ச்சுக்கீசிய வல்லமை குன்றத் தொடங்கிய வேளையில், 1622ஆம் ஆண்டு போப் பதினைந்தாம் கிரகோரி, மதப்பரப்புப் பணிக்கென ரோமிலேயே ஒரு தனிப் பேராயத்தை நிறுவினார். 'பிரப்பகாந்தா' என வழங்கப்பெற்ற அப்பேராயம், போர்ச்சுக்கல் மன்னரின் வழியாக அன்றித் தானே நேரடியாகத் துறவிகளை அனுப்பலாயிற்று. பிரெஞ்சுக் கப்புச்சின்கள் அவ்வாறு வந்தவர்களே. ஆக, அகீதாவில் எள்ளளவும் வேறுபாடில்லாத இரு சாரார், 'விலாயத்' யாருடையது என்ற வினாவில் எதிரெதிராக நின்றனர்.

இதனை விளங்கிக்கொள்ள நமது வாசகர்களுக்கு வெளியில் உதாரணம் தேட வேண்டியதில்லை. ஒரே மத்ஹபைச் சேர்ந்த இரண்டு ஜமாஅத்துகள், ஒரு திருமணம் எந்தப் பள்ளிவாசலின் நிகாஹ் தஃப்தரில் பதியப்பட வேண்டும் என்று பிணங்கிக்கொள்வதை நாம் அறியாதவர்களல்லர். யாருடைய பதிவேட்டில் ஒருவன் பெயர் இருக்கிறதோ அவருக்கே அவன் மீது அதிகாரம். அவன் செலுத்தும் காணிக்கையும் அவருக்கே. சாந்தோமுக்கும் சென்னைக்கும் இடையே மூண்ட பூசலும் அடிப்படையில் இதுதான்.

1642: பெகுவுக்குப் புறப்பட்டவர் சென்னையில் தங்கியது

ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1639இல் தாமர்ல வேங்கடப்ப நாயக்கரிடம் கௌல் பெற்று, அடுத்த ஆண்டில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கியது. கோட்டையைக் காக்கப் படைவீரரும், ஊரை நிரப்பக் குடிகளும் வேண்டியிருந்தனர். மூன்று மைல் தெற்கே இருந்த சாந்தோமிலிருந்து போர்ச்சுக்கீசிய வம்சாவளியினரைக் கம்பெனி வருந்தியழைத்துக் குடியமர்த்தியது. அவர்கள் கத்தோலிக்கர். ஞாயிறுதோறும் திருப்பலிக்காகவும், பிள்ளைகளின் ஞானஸ்நானத்துக்காகவும், நிக்காஹ், மையித் காரியங்களுக்காகவும் அவர்கள் சாந்தோமுக்கே சென்று வந்தனர். அங்கோ போர்ச்சுக்கீசியத் தளபதியின் ஆட்சி.

இந்நிலையில் 1642ஆம் ஆண்டு எஃப்ரேம் பாதிரியார் சென்னை வந்தார். பர்மாவின் பெகு நாட்டுக்குச் செல்வதே அவர் நோக்கம், கப்பலுக்காகவே காத்திருந்தார். கோட்டைத் தலைவராக இருந்த ஆண்ட்ரு கோகன் முதலானோர் அவரை இங்கேயே தங்குமாறு வேண்டினர். புராட்டஸ்தாந்திய ஆங்கிலேயர் தம் கோட்டைக்குள் ஒரு கத்தோலிக்கத் துறவிக்கு இடமளித்தனர்; கோட்டைக்குள்ளேயே புனித அந்திரேயர் பெயரால் ஒரு கோயிலும் எழுந்தது. அவருடைய சபையைச் சேர்ந்த செனோன் தெ போழே பின்னர் அவருடன் இணைந்துகொண்டார்.

ஆங்கிலேயரின் இச்செயல் பரந்த மனத்தால் விளைந்தது என்று நாம் எண்ணிவிடலாகாது. தங்கள் நாட்டில் அதே காலத்தில் கத்தோலிக்கக் குருமாரைத் தண்டித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். எஃப்ரேம் பிரெஞ்சுக்காரர், போர்ச்சுக்கல் மன்னருக்கு அவர் கடமைப்பட்டவரல்லர். ஆகவே கத்தோலிக்கக் குடிகளைச் சாந்தோமின் பிடியிலிருந்து விலக்க அவரினும் தகுந்த கருவி கம்பெனிக்குக் கிடைத்திராது.

1649: கைதும் கோவாவும்

சாந்தோமின் குருமாருக்கு இது பெரும் இழப்பு. அவர்களின் மந்தையும் வருவாயும் வடக்கே நகர்ந்தன. 1649ஆம் ஆண்டில் ஒரு சச்சரவைத் தீர்த்துவைக்க வேண்டும் என்ற பெயரால் எஃப்ரேம் சாந்தோமுக்கு வரவழைக்கப்பட்டார். அங்கே அவரைப் பிடித்து விலங்கிட்டுக் கப்பலேற்றிக் கோவாவுக்கு அனுப்பினர். ஏட்டில் எழுதப்பட்ட குற்றம் மதப்பிறழ்வு.

கோவாவில் 1560இல் நிறுவப்பட்ட இன்குவிசிஷன் என்னும் சமய விசாரணை மன்றம் 1774 வரை இயங்கி, நான்காண்டுகளில் மீண்டும் உயிர்பெற்று, 1812இல் முற்றாக ஒழிந்தது. முதல் இரண்டு நூற்றாண்டுகளில் அது விசாரித்த வழக்குகள் ஏறத்தாழ 16,000 எனக் கணக்கிடப்பட்டுள்ளது. ஞானஸ்நானம் பெற்றபின் பழைய வழக்கங்களை இரகசியமாகப் பேணியவர்களே அதன் முதன்மை இலக்கு: யூத வழக்கம் பேணியவர், இந்துச் சடங்கு செய்தவர், இஸ்லாமிய நடைமுறையைக் கைவிடாதவர். குற்றம் சாட்டியவர் யார் என்பது கைதிக்குச் சொல்லப்படாது. சாட்டப்பட்ட குற்றம் இன்னது என்பதும் தொடக்கத்தில் சொல்லப்படாது. கைதி தானே நினைவுகூர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும். வெளியுலகத் தொடர்பு அறவே கிடையாது. 1670களில் அச்சிறையில் கிடந்த சார்ல் தெலோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர் பின்னர் வெளியிட்ட நூலால்தான் இவ்விவரங்கள் ஐரோப்பாவில் பரவலாயின.

மதப்பிறழ்வு என்ற குற்றச்சாட்டு இங்கு எத்தகைய வேலையைச் செய்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். எஃப்ரேம் ஓதிய திருப்பலி சாந்தோமில் ஓதப்பட்டதே. அவரை அனுப்பிய ரோம், சாந்தோம் ஆயரின் தலைமையிடமும் கூட. எனினும் 'உன் அதிகார எல்லை எது?' என்று கேட்டால் வழக்கு ரோமுக்குப் போகும். 'உன் ஈமான் சரியா?' என்று கேட்டால் கோவாவே தீர்த்துக்கொள்ளலாம். எல்லைத் தகராறு இவ்வாறு கொள்கைத் தகராறாக உருமாற்றப்பட்டது.

விடுதலை

1652இல் சென்னை வந்து கப்புச்சின்களின் இல்லத்தில் தங்கிய பிரெஞ்சு வைர வணிகர் தவேர்னியே, இவ்விடுதலையின் கதையை விரிவாக எழுதிவைத்திருக்கிறார். செனோன் பாதிரியார் கோட்டை வீரர் சிலரின் துணையுடன் சாந்தோமின் ஆளுநரையே மறைந்திருந்து பிடித்துச் சென்னையில் சிறைவைத்தார் என்றும், அந்த ஆளுநர் பின்னர் தப்பியோடினார் என்றும் அவர் கூறுகிறார். துறவிக்கு ஒவ்வாத செயல்தான். அக்காலத்தின் முரட்டுத்தனம் அங்கியணிந்தவரையும் விட்டுவைக்கவில்லை.

ரோமிலிருந்தும் ஆணை போயிற்று. கோவா எளிதில் அசையவில்லை. அப்போது கோல்கொண்டாவின் சுல்தான் அப்துல்லாஹ் குத்ப் ஷா தலையிட்டார் என்கிறார் தவேர்னியே. சென்னை வருமுன் எஃப்ரேம் கோல்கொண்டாத் தலைநகர் வழியாகவே பயணம் செய்திருந்தார். அரச குடும்பத்தினர் அவரது கல்வியை மதித்து அங்கேயே தங்கச் சொல்லியும் அவர் இசையவில்லை. அந்த மதிப்பை மறவாத சுல்தான், கர்நாடகத்தில் படை நடத்திக்கொண்டிருந்த தம் அமைச்சர் மீர் ஜும்லாவுக்குக் கட்டளை அனுப்பினார்: குறித்த தவணைக்குள் பாதிரியார் விடுவிக்கப்படாவிட்டால் சாந்தோமை முற்றுகையிட வேண்டும் என்பது அதன் சாரம். ஓராண்டுக்கும் மேலாகச் சிறையில் கிடந்த எஃப்ரேம் விடுதலையாகிச் சென்னைக்கே திரும்பினார். தொடர்ந்து ஏறத்தாழ நாற்பதாண்டுகள் இங்கேயே தொண்டாற்றி முதுமையடைந்தார்.

இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போது நம் உள்ளம் பெருமிதம் கொள்வது இயல்பே. கத்தோலிக்கர் சிறைவைத்த கத்தோலிக்கரை விடுவிக்க ஒரு முஸ்லிம் அரசர் முன்வந்தார். ஆயினும் ஆய்வாளர் பெருமிதத்தோடு நின்றுவிடலாகாது. சோழமண்டலக் கடற்கரையைத் தன்வசப்படுத்திக்கொண்டிருந்த கோல்கொண்டாவுக்குச் சாந்தோமை அச்சுறுத்த ஒரு காரணம் தேவையாயிருந்தது; 1662இல் அவ்வூரை அது கைப்பற்றவும் செய்தது. சுல்தானின் நன்மதிப்பும் அரசியல் கணக்கும் ஒன்றாகவே செயல்பட்டன என்று கொள்வதே நேர்மை.

லண்டனின் மார்க்கப் பற்று

கோவாவிடமிருந்து தப்பிய கப்புச்சின்களை வேறொரு வைதீகம் கண்காணித்து வந்தது. லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களுக்கும், கோட்டைக்கு வந்த புராட்டஸ்தாந்தியக் குருமாருக்கும் கத்தோலிக்கப் பாதிரிகளின் இருப்பு உறுத்தலாகவே இருந்தது. சென்னைக் கோட்டையின் நிர்வாகிகளோ, இவர்களை வெளியேற்றினால் குடிகளும் வெளியேறிவிடுவர் என்று மறுமொழி எழுதினர். 1680இல் கோட்டைக்குள் ஆங்கிலத் திருச்சபையின் புனித மரியாள் ஆலயம் அர்ச்சிக்கப்பட்டது. கத்தோலிக்கப் பெண்களை மணக்கும் ஆங்கிலேயர் தம் பிள்ளைகளைப் புராட்டஸ்தாந்தியராகவே வளர்க்க வேண்டும் என்ற விதியும் அதே ஆண்டில் வகுக்கப்பட்டது.

தேவை இருந்தவரை இடம் இருந்தது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றினர். 1749இல் அது ஆங்கிலேயரிடம் மீண்டது. பிரெஞ்சுக்காரருக்கு உளவு சொன்னதாகக் கப்புச்சின்கள் மீது ஐயம் எழுந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்திருந்த அவர்கள் கோட்டையிலிருந்து வெளியேற்றப்பட்டனர். புனித அந்திரேயர் கோயில் இடிக்கப்பட்டது. அர்மீனிய வணிகர் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் வேப்பேரியில் கட்டியிருந்த கத்தோலிக்கக் கோயிலும் பறிக்கப்பட்டுப் புராட்டஸ்தாந்திய மிஷனரிகளின் கைக்குச் சென்றது. நயத்தின் பேரில் வழங்கப்பட்ட சகிப்பு, நயம் மாறியபோது திரும்பப் பெறப்பட்டது.

பதுருவாதோ, பிரப்பகாந்தா பூசலோ அதைவிட நெடிது. சென்னையில் ஒன்றும் மயிலாப்பூரில் ஒன்றுமாக ஒரே நகரில் இரு கத்தோலிக்க மறைமாவட்டங்கள் இயங்கி வந்தன. 1952ஆம் ஆண்டில்தான் அவை ஒன்றாக இணைந்தன.

குற்றம் சாட்டியவர்களாகக் கப்புச்சின்கள்

எஃப்ரேமின் வரலாற்றோடு நிறுத்திக்கொண்டால் கப்புச்சின்களை என்றும் ஒடுக்கப்பட்டவர்களாகவே நாம் கருதிவிடுவோம். புதுச்சேரியில் நிலைமை வேறு. அங்கே தமிழ்க் கிறித்தவர்களின் பொறுப்பு தங்களிடமிருந்து இயேசு சபையாரிடம் சென்றதை எதிர்த்துக் கப்புச்சின்களே ரோமுக்கு முறையிட்டனர். மதுரையில் 1606இல் ராபர்ட் தெ நொபிலி தொடங்கிவைத்த வழியில், சாதி வழக்கங்களையும் உள்ளூர்ச் சடங்குகளையும் இயேசு சபையார் பெரிதும் அனுமதித்திருந்தனர். அது மார்க்கத்தில் கலப்படம் என்பது எதிர்தரப்பின் வாதம். நமது வழக்கில் சொல்வதானால் பித்அத். போப்பின் தூதராகப் புதுச்சேரி வந்த தூர்னோன், 1704ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவ்வழக்கங்களுள் பலவற்றைத் தடைசெய்து ஆணை பிறப்பித்தார். 1744இல் போப் பதினான்காம் பெனடிக்ட் அத்தடையைப் பெரும்பாலும் உறுதிப்படுத்தினார்.

அந்த ஆணையின் ஒரு விதி நம்மைச் சிந்திக்க வைக்கிறது. தீண்டத்தகாதோர் எனத் தள்ளப்பட்ட நோயாளிகளின் இல்லத்துக்குள் குருமார் நுழைய மறுத்து, அவர்களை வெளியே சுமந்துவரச் செய்து சடங்கு நிறைவேற்றுவது வழக்கமாயிருந்தது. தூர்னோன் அதனைக் கண்டித்தார். இங்கே வைதீகக் கண்டிப்பே எளியவனின் பக்கம் நின்றது. நெகிழ்ச்சி என்பது மேல்சாதியினரின் வசதிக்கானதாக இருந்தது. ஆகவே, கொள்கைப் பற்று எங்கும் கொடுமை, இணக்கம் எங்கும் அன்பு என்று பொதுவிதி வகுக்க இயலாது. ஒரு தீர்ப்பு யார் மீது சுமையை ஏற்றுகிறது, யார் சுமையை இறக்குகிறது என்று பார்த்தே எடைபோட வேண்டும். எனினும் புதுச்சேரியில் கொள்கை வாதத்தின் பின்னால் மந்தை யாருக்கு என்ற பழைய தகராறும் ஒளிந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

நம் வரலாற்றில் இதன் நிழல்

இத்தகைய விசாரணை பிறருடைய வரலாற்றில் மட்டுமே உண்டு என்று நாம் கூற முடியாது. ஹிஜ்ரி 218, அதாவது கி.பி. 833இல் கலீஃபா மஃமூன், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற முஃதஸிலாக் கொள்கையை ஒப்புக்கொள்ளுமாறு காழிகளையும் ஹதீஸ் அறிஞர்களையும் நிர்ப்பந்தித்தார். 'மிஹ்னா' எனப்படும் அச்சோதனையில் பலர் வாய்மொழியாக இணங்கினர். இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் இணங்கவில்லை. சிறையும் கசையடியும் பெற்றார்கள். கலீஃபா முத்தவக்கிலின் ஆட்சியிலேயே அது முடிவுற்றது. மார்க்கத்தில் நிர்ப்பந்தமில்லை என்ற அல்பகராவின் 256ஆம் வசனத்தை ஓதிக்கொண்டிருந்த சமுதாயத்திலேயே இது நிகழ்ந்தது.

தமிழ்மண்ணின் பிற சமயங்களிலும் இதற்கு இணையுண்டு. இராமானுசர் பிறந்த ஸ்ரீபெரும்புதூர், சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. சிவனினும் மேலான தெய்வமில்லை என்று எழுதிக் கையொப்பமிடுமாறு சோழ மன்னன் ஒருவன் வற்புறுத்தியதாகவும், அதனால் இராமானுசர் நாடு நீங்கி மேல்கோட்டையில் தங்க நேர்ந்ததாகவும் வைணவ மரபு கூறுகிறது. பாக்தாதிலும் கோவாவிலும் சோழநாட்டிலும் கேட்கப்பட்டது ஒன்றே: அதிகாரத்தின் முன்னிலையில் ஓர் ஒப்புதல்.

இன்றைய நெடுஞ்சாலையில்

கோட்டையிலிருந்து மேற்கே செல்லும் சாலையில் பூந்தமல்லி உண்டு. கோல்கொண்டாவின் அதிகாரிகள் இங்கிருந்துதான் சென்னைக் கம்பெனியைக் கண்காணித்தனர். அப்துல்லாஹ் குத்ப் ஷாவின் ஆட்சியில், 1653இல் எழுந்த பள்ளிவாசலின் கல்வெட்டு அக்காலத்துக்குச் சான்று. அதே சாலை மேலும் சென்று இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் தொழிற்பேட்டைகளை அடைகிறது; ஒரகடம் அதற்குத் தெற்கே. 1990களின் இறுதியிலிருந்து கார்களும் மின்னணுப் பொருள்களும் செய்யும் பன்னாட்டு நிறுவனங்கள் அங்கே திரண்டிருக்கின்றன. தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும், ஒடிசா, பீகார், அஸ்ஸாம் முதலிய மாநிலங்களிலிருந்தும் பல சமயத்தவர் அங்கே வேலை செய்கின்றனர். ஓர் உற்பத்தி வரிசையில் நிற்பவரின் சமயத்தை யாரும் கேட்பதில்லை. வேலை நடந்தால் போதும்.

இது நல்லதே. ஆனால் 1642இன் கோட்டையும் இவ்வாறுதான் தொடங்கியது. கை தேவைப்படும்வரை கையுடையவனின் வழிபாட்டையும் பொறுத்துக்கொள்ளும் ஏற்பாடு, உரிமையாகிவிடாது. 1749 அதை நமக்குக் காட்டுகிறது. எஃப்ரேமுக்குக் கிடைத்தவை கம்பெனியின் தேவையும் ஒரு சுல்தானின் தயவும் மட்டுமே. இரண்டும் பிறர் விருப்பத்தைச் சார்ந்தவை. இந்நாட்டில் இன்று ஒருவர் தம் மனச்சான்றின்படி ஒழுகுவதற்கு அரசியல் சாசனத்தின் 25ஆம் பிரிவு ஆதாரமாக இருக்கிறது. முதலாளியின் தேவையையோ ஆள்பவரின் தயவையோ அது நிபந்தனையாக வைக்கவில்லை. சிறுபான்மையினராகிய நாம் அதன் மதிப்பை உணர்ந்தே இருக்கிறோம்.

அவ்வுரிமையை நாம் பிறரிடம் கேட்கும்போது நமக்குள்ளும் அதனைப் பேண வேண்டும். கடந்த சில பத்தாண்டுகளில் தமிழ் முஸ்லிம்களிடையே கருத்து வேறுபாட்டின் பேரில் ஊர்விலக்கங்கள் நேர்ந்துள்ளன. ஜனாஸாவை மையவாடியில் அடக்க இடம் மறுக்கப்பட்டதும் உண்டு. அத்தகைய தகராறு நம் முன் வரும்போது, ஃபத்வாவை நாடுவதற்கு முன்னர் ஒரு வினாவைக் கேட்டுப் பார்ப்பது உலமாக்களின் கடமை: இது உண்மையில் அகீதா பற்றியதா, அல்லது பள்ளிவாசல் நிர்வாகம் யாரிடம், தஃப்தர் யாரிடம் என்பது பற்றியதா? சாந்தோமின் குருமார் 1649இல் தம்மிடமே அவ்வினாவை எழுப்பியிருந்தால், தம்மைப் போன்றே தொழுத ஒரு துறவியைக் கோவாவின் நிலவறைக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.